பெயிண்ட் காயாத வீடு

அத்தியாயம் ஒன்பது

முனீஸ்வரி தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பியபோது, வீட்டில் பீரோ இடம் மாறியிருந்தது.

குடத்தை இறக்கி வைக்கவும் மறந்து அப்படியே நின்றாள்.

கல்யாணமாகி மம்சாபுரத்துக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பீரோதான் அவளுக்குத் தைரியம். கீழ்த்தட்டில், மடித்து வைத்த சேலைகளுக்குப் பின்னால் ஒரு சிவப்புக் கைப்பை. அதற்குள் கைக்குட்டையில் சுற்றிய நீல நிற இன்ஹேலர். அது அங்கே இருப்பது அவளுக்கும், ராஜபாளையத்தில் இருக்கும் அவள் அம்மா வெள்ளைத்தாய்க்கும் மட்டும்தான் தெரியும். தாலி கட்டிய மாரீஸ்வரனுக்குக்கூடத் தெரியாது.

சின்ன வயதிலிருந்தே அவளுக்கு இளைப்பு. தூசி ஆகாது, புகை ஆகாது. பஞ்சு மில்லுக்கு வேலைக்குப் போய் ஒரு வாரம்கூட நிற்க முடியவில்லை. முதலில் பெண் பார்க்க வந்தவர்களிடம் வெள்ளைத்தாய் உண்மையைச் சொன்னாள். காப்பியைக் குடித்துவிட்டுப் போனவர்கள்தான், அப்புறம் ஒரு பதிலும் இல்லை. அடுத்ததாக மம்சாபுரத்துக்காரர்கள் வந்தார்கள்.

"ராஜபாளையத்துல இருந்துக்கிட்டுப் பொண்ணு மில்லுக்குப் போகலையா?" என்று கேட்டாள் மாரீஸ்வரனின் அம்மா முத்துப்பேச்சி.

"பொம்பளப் பிள்ளைய வேலைக்கு அனுப்ப எங்களுக்கு மனசில்ல மதினி" என்றாள் வெள்ளைத்தாய்.

அந்தப் பதில் மாப்பிள்ளை வீட்டுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அந்த ஒரு பதிலின் மேல்தான் முனீஸ்வரியின் குடித்தனம் இதுவரை நடந்துகொண்டிருக்கிறது.

இப்போது ஊரில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. நாளைக்குப் பொங்கல். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலையைக் காப்புக் கட்டும் முன்பே முடித்திருக்க வேண்டும். பேசி வைத்திருந்த பெயிண்டர் சேத்தூரில் ஒரு புது வீட்டு வேலையைப் பிடித்துக்கொண்டு, போனை எடுக்கவே இல்லை. மாமனார் இருளப்பசாமிக்குக் கோபம் வந்துவிட்டது.

"இதுக்கு ஒரு ஆளு வேற வேணுமாக்கும்" என்று அவரே பிரஷ்ஷைக் கையில் எடுத்துவிட்டார்.

சுண்ணாம்பு அடித்துப் பழகிய கை. ஆயில் பெயிண்ட் அவருக்குப் புதிது. கெட்டியாக இருக்கிறதே என்று டின்னில் தின்னரை ஊற்றினார். கலக்கிப் பார்த்துவிட்டு இன்னும் ஊற்றினார்.

"ஏலே மாரி, பாத்தியா! ஒரு டின்ன ரெண்டு டின்னாக்கிட்டேன்."

"தண்ணியா ஓடுதுப்பா. சொவத்துல நிக்குமா?"

"அதெல்லாம் நிக்கும். நீ பேசாம ஏணியப் பிடி."

பீரோவின் கண்ணாடியில் பெயிண்ட் தெறித்துவிடக் கூடாது. அதனால் கதவுப் பக்கத்தை எதிர்ச்சுவரோடு ஒட்டித் திருப்பி வைத்துவிட்டார்கள். அது சாயாமல் இருக்க, முதுகுப் பக்கம் கட்டிலையும் தையல் மிஷினையும் அரிசி மூட்டையையும் அண்டக் கொடுத்திருந்தார்கள்.

இனி இரண்டு ஆள் சேர்ந்து அத்தனையையும் நகர்த்தினால்தான் அந்தக் கதவு திறக்கும்.

"ஏங்க, பீரோவைச் செத்த நேரம் திருப்ப முடியுமா?" முனீஸ்வரி மெதுவாகக் கேட்டாள். "ஒரு சேலை எடுக்கணும்."

மாரீஸ்வரன் ஏணிக்குக் கீழிருந்து திரும்பிப் பார்த்தான். அவன் காதோரத்தில் பச்சைச் சொட்டு ஒன்று இருந்தது.

"இப்பவா? கொடியில ரெண்டு சேலை காயுதே."

"அதத் தூக்கி வச்சதுலயே எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு தாயி" என்றார் இருளப்பசாமி. "சாயங்காலம் முடிச்சதும் மொத வேலையா அதத்தான் திருப்புறோம். பொறவு எல்லாச் சேலையையும் எடுத்துக்கோ."

சேலைக்கு என்ன அவசரம் என்று கேட்டால் சொல்வதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

வாசனை அவளுக்கு முன்னாலேயே அங்கே போயிருந்தது.

* * *

கொல்லைப்புறத்தில் முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டு போன் போட்டாள்.

"எம்மா, வீட்டுல பெயிண்ட் அடிக்காங்க."

வெள்ளைத்தாய்க்கு அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அவள் வேலை பார்க்கும் பேண்டேஜ் துணிக் கம்பெனியின் இரைச்சல் போனில் கேட்டது. கொஞ்ச தூரம் நடந்து வெளியே வந்திருப்பாள் போல, இரைச்சல் குறைந்தது.

"மருந்து அடிச்சியா?"

"பீரோவைச் சொவரப் பாக்க வச்சுட்டாங்க."

"திருப்பச் சொல்லு."

"எதுக்குனு கேட்டா?"

"கிளம்பி இங்க வந்துரு தாயி. ரெண்டு நாள் இருந்துட்டுப் போ."

"காப்புக் கட்டியாச்சும்மா. வெளியூர்ல போயி ராத்தங்கக் கூடாதுல்ல. அதோட நாளைக்குப் பொங்கல். வீட்டுல அம்புட்டு வேல கெடக்கு. மருமக கிளம்புனா ஊரு என்ன பேசும்?"

"சரி, நான் வாரேன். புதுசு ஒண்ணு வாங்கிட்டு, பொங்கலுக்குத் தேங்கா பழம் கொண்டாந்தேன்னு வாரேன். ஷிப்டு முடிஞ்சாத்தான் விடுவாங்க. அது வரைக்கும் வெளியிலயே இரு. ஈரத் துணிய மூக்குல கட்டிக்கோ. என்ன ஆனாலும் வாயத் திறந்துராத, கேட்டியா?"

"மூச்சு முட்டுனா என்னம்மா செய்ய?"

"முட்டாது. ஆத்தா பாத்துக்கிடுவா."

எந்த ஆத்தா என்று அவள் சொல்லவில்லை.

* * *

அன்றைக்கு முனீஸ்வரி எல்லா வேலையையும் வெளியே இழுத்துக்கொண்டாள்.

பாத்திரங்களைக் கொல்லையில் போட்டுத் தேய்த்தாள். நாளைக்கு வேண்டிய பொங்கல் பானையை மூன்று தடவை கழுவினாள். அரிசியை முருங்கை மரத்தடிக்குக் கொண்டுவந்து முறத்தில் போட்டுக் கல் பொறுக்கினாள். புடைத்தால் தூசி வரும், அதனால் புடைக்கவில்லை. துண்டை நனைத்து மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதென்று பார்த்துப் பார்த்து இடம் மாறினாள். மலைப் பக்கமிருந்து வந்தால் பரவாயில்லை, வாசனை தெருவுக்குப் போய்விடும். தெருப் பக்கமிருந்து வந்தால் வீட்டுக்குள் புகுந்து, அந்த வாசனை மொத்தத்தையும் வாரிக்கொண்டு கொல்லைக்கு வரும். அப்போது முறத்தைத் தூக்கிக்கொண்டு வேலி ஓரத்துக்கு ஓடுவாள்.

"ஏட்டி, என்ன முகமூடிக் கொள்ளைக்காரி மாதிரி கட்டிக்கிட்டு மரத்தச் சுத்துத?" முத்துப்பேச்சி அடுப்படியிலிருந்து சிரித்தாள்.

"வெயிலு அத்தை."

"வெயிலு தலையில அடிக்கும். நீ மூக்கக் கட்டியிருக்க."

முத்துப்பேச்சி கெட்டவள் இல்லை. அதுதான் கஷ்டம். கெட்டவளாக இருந்தால் ஒரு சண்டை போட்டுவிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாம். மருமகளுக்கு முதுகு தேய்த்து எண்ணெய் வைத்துவிடுகிற மாமியாரிடம் எதைச் சொல்லி எப்படிக் கிளம்புவது?

மத்தியானம் ஆண்களுக்குச் சோறு போட வேண்டியிருந்தது. துண்டோடு போய்ப் பரிமாற முடியாது. அவிழ்த்துவிட்டு உள்ளே போனாள். மூச்சை அடக்கிக்கொண்டே மாமனாருக்குச் சோறு வைத்தாள், மாரீஸ்வரனுக்கு வைத்தாள். குழம்பு ஊற்றும்போது அடக்கியது உடைந்துவிட்டது.

முதலில் அந்த வாசனை பழுத்த பழம் மாதிரி இனிப்பாக இருந்தது. அடுத்த மூச்சில் தொண்டைக்குள் உப்புத்தாளைத் தேய்த்த மாதிரி இறங்கியது.

இருமல் வந்தது. நிற்கவில்லை. கரண்டியைப் போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடினாள். இருமி இருமி, கடைசியில் காலையில் குடித்த காப்பியும் வெளியே வந்துவிட்டது.

முத்துப்பேச்சி பின்னாலேயே வந்து தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெயிண்ட் வாசனை... ஒத்துக்கலை அத்தை."

"காலையில இருந்தே பாக்கேன். சோறும் எறங்கல. மூக்கப் பொத்திக்கிட்டே அலையுத." முதுகைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றது. "ஏட்டி முனீசு, என்னையப் பாரு. தலைக்குக் குளிச்சு எம்புட்டு நாளாச்சு?"

முனீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு மாசம் இருக்காது?"

"இருக்கும் அத்தை."

அது பொய் இல்லை. நாலைந்து நாள் குறைவு, அவ்வளவுதான். ஆனால் அதற்குள் முத்துப்பேச்சியின் முகத்தில் ஏதோ விளக்குப் போட்ட மாதிரி ஆகிவிட்டது.

"நிப்பாட்டுங்க!" என்று வீட்டுக்குள் பார்த்துக் கத்தினாள். "பெயிண்ட்ட நிப்பாட்டுங்க! டின்னையெல்லாம் வாசலுக்குத் தூக்குங்க. மசக்கைக்காரி இருக்க வீட்டுல என்ன நாத்தம் இது!"

உள்ளே தட்டு கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

டின்கள் வாசலுக்குப் போயின. எல்லா ஜன்னல்களும் திறந்தன. மலைக்காற்று வீட்டுக்குள் நுழைந்து தெருப் பக்கமாகப் போனது. அன்றைக்கு முதன்முறையாக முனீஸ்வரிக்கு அடிவயிறு வரைக்கும் ஒரு மூச்சு இறங்கியது.

'அப்படியெல்லாம் இல்லை அத்தை' என்று சொல்ல ஒரே ஒரு மூச்சு போதும்.

அந்த ஒரு மூச்சை அவள் தனக்கென்று வைத்துக்கொண்டாள்.

* * *

செய்தி தெருவைத் தாண்ட அதிக நேரம் பிடிக்கவில்லை. எதிர்வீட்டு தேவகிருபை இரண்டு மாங்காயோடு வந்துவிட்டாள்.

"என்ன முத்துப்பேச்சி, பேரனுக்காகத்தான் இந்தப் பச்சைப் பெயிண்டா? எங்கிட்ட பொங்கலுக்குன்னு சொன்ன?"

"தொட்டில் கம்புக்கும் சேத்துத்தான் வாங்கியிருக்கோம்."

"ஆளப் பாரு! காலையில வரைக்கும் பிள்ளைக்கு நாலு பாத்திரம் தேய்க்கப் போட்ட. இப்ப தொட்டில் கம்பாம்."

முனீஸ்வரி மாங்காயைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தாள். வெட்கப்படுகிறாள் என்று இருவரும் சிரித்தார்கள்.

பாதிச் சுவர் பச்சையாகவும் பாதிச் சுவர் பழைய மஞ்சளாகவும் நின்றது இருளப்பசாமிக்குப் பொறுக்கவில்லை. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குச் சொந்தபந்தம் வந்து பாத்தா சிரிக்க மாட்டானா? அவதான் வெளிய மரத்தடியில இருக்காள்ல? நான் சத்தமில்லாம அடிச்சு முடிச்சுருதேன்."

பெயிண்ட்டைச் சத்தமில்லாமல் அடித்தால் வாசனை வராது என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

மாரீஸ்வரன் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய் இன்னொரு தின்னர் பாட்டில் வாங்கி வரப் புறப்பட்டான். திரும்பி வரும்போது கையில் பால்கோவா மட்டும்தான் இருந்தது.

"தின்னரு எங்கலே?" என்றார் அப்பா.

"மறந்துட்டேன்."

"எதுக்குப் போன?"

"அதான் சொல்றேன்ல, மறந்துட்டேன்னு."

அவன் நேராகக் கொல்லைக்கு வந்தான். முனீஸ்வரிக்கு எதிரே குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரித்தான். லோடு வண்டி ஓட்டுகிறவனுக்குச் சாதாரணமாகப் பேச்சு அதிகம். இன்றைக்கு அதைக் காணோம்.

"நெசமாவா?" என்று கேட்டான்.

அவள் முறத்தில் இருந்த அரிசியை விரலால் கிளறினாள்.

"நான்தான் பச்சை எடுக்கச் சொன்னேன். அப்பா நீலம்னாரு. உனக்கு வாசனை ஒத்துக்காதுன்னு தெரிஞ்சிருந்தா பெயிண்ட்டே வேண்டாம்னு சொல்லிருப்பேன். நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொல்லணும்னுதான்..." அவள் நெஞ்சுக்குள் மெல்லிய விசில் சத்தம் தொடங்கியிருந்தது. மத்தியானம் கிடைத்த மூச்சு திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. "ஏங்க, அந்தப் பீரோ..."

"இன்னும் சேலையிலேயே இருக்கியா? விடு, புதுசே எடுத்துருவோம்." விரலால் கொஞ்சம் பால்கோவாவை எடுத்து அவளிடம் நீட்டினான். "இந்தா, வாயில போடு. உனக்கும் ஒண்ணு, உள்ள இருக்க ஆளுக்கும் ஒண்ணு."

அவள் வாங்கிக்கொண்டாள்.

"நான் உங்கட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

அவன் முகத்தைப் பார்த்தாள். அப்படி ஒரு முகத்தோடு அவனை அவள் கல்யாணத்தன்று கூடப் பார்த்ததில்லை.

"தலையில பெயிண்ட் ஒட்டியிருக்கு" என்றாள்.

அவன் சிரித்துக்கொண்டே தலையைத் தடவினான். பச்சை இன்னும் கொஞ்சம் பரவியது.

* * *

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் வெள்ளைத்தாய் ஏறிய பஸ் நடுவழியில் நகராமல் நின்றது.

ஷிப்டு முடிந்த கையோடு ஓடிவந்து, மருந்துக் கடையில் இன்ஹேலர் வாங்கினாள். கடைக்காரருக்கு அவளைப் பல வருஷமாகத் தெரியும். "பொண்ணு கல்யாணமாகிப் போயிருச்சுன்னீங்க, இன்னும் நீங்கதான் வாங்குறீங்களா?" என்று கேட்டார். அவள் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டாள்.

தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, ஒரு முழம் பூ. எல்லாவற்றுக்கும் அடியில் இன்ஹேலர். மஞ்சள் பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். யார் பார்த்தாலும் மகளுக்குப் பொங்கல் சீர் கொண்டுபோகிற அம்மாதான்.

பஸ் கிளம்பி ஊரைத் தாண்டியது. மூன்றாவது நிறுத்தத்தில் நின்றுவிட்டது. எதிரே பால்குடம் வந்துகொண்டிருந்தது. மேளம், மஞ்சள் சேலைகள், பின்னால் இன்னொரு கூட்டம்.

வெள்ளைத்தாய் மகளுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடியும் போட்டாள்.

எழுந்து நின்று முன்னால் எட்டிப் பார்த்தாள்.

"எம்மா, நீ எந்திரிச்சு நின்னா பஸ்ஸு போயிருமா?" என்றார் கண்டக்டர். "ஒக்காரு. சாமி போனாத்தான் நாம போக முடியும்."

உட்கார்ந்தாள். மகளுக்கு ஐந்து வயதாக இருந்தபோது முதல் தடவை மூச்சு முட்டியது அவள் நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் ஒரு பஸ்ஸில்தான் மடியில் வைத்துக்கொண்டு போனாள். அன்றைக்குப் பிள்ளை மடியிலாவது இருந்தது. விலா எலும்பு ஏறி இறங்குவது கைக்குத் தெரிந்தது.

இன்றைக்கு மடியில் தேங்காய்தான் இருந்தது.

மருந்து இங்கே, மகள் அங்கே. நடுவில் சாமி போய்க்கொண்டிருக்கிறது.

* * *

மம்சாபுரத்தில் பொழுது சாய்ந்ததும் மலைக்காற்று வேகமெடுத்தது.

"ஏட்டி முனீசு, உள்ள வா" என்றாள் முத்துப்பேச்சி. "விளக்கு வைக்கிற நேரத்துல பிள்ளைத்தாச்சி முருங்கை மரத்தடியில ஒக்காரக் கூடாது."

"செத்த நேரம் இருக்கேன் அத்தை."

"இந்தக் காத்து ஒடம்புக்கு ஆகாது. சளி பிடிச்சா ரெண்டு உசுரும்ல கஷ்டப்படும்? எந்திரி."

"அத்தை, வாசனை..."

"அதுக்கு நான் வழி வச்சிருக்கேன்."

கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள். முனீஸ்வரியால் அந்தக் கையை உதற முடியவில்லை. உதற வலுவும் இல்லை. போன் முருங்கை மரத்தடியில் முறத்துக்குள்ளேயே கிடந்தது.

வீட்டுக்குள் புதுச் சுவர் பளபளத்தது. இருளப்பசாமி கடைசி மூலையை இப்போதுதான் முடித்துவிட்டு, வாசலில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். முத்துப்பேச்சி மருமகளைப் பாயில் உட்கார வைத்தாள். காற்றுப் படக் கூடாதென்று ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தினாள். கொல்லைக் கதவையும் சாத்தினாள். மின்விசிறியை நிறுத்தினாள்.

பிறகு அடுப்படியிலிருந்து தூபக்காலைக் கொண்டுவந்தாள். தேங்காய் நார் கனிந்துகொண்டிருந்தது. அதன் மேல் ஒரு பிடி சாம்பிராணியை அள்ளிப் போட்டாள்.

"பெயிண்ட் நாத்தமெல்லாம் எங்க பறக்குன்னு பாரு" என்றாள் சந்தோஷமாக. "புகை வெளிய போகாம செத்த நேரம் நின்னு பிடிக்கணும்."

வெள்ளைப் புகை எழுந்தது. பச்சைச் சுவரை மறைத்தது.

முனீஸ்வரி வேண்டாம் என்று கையைத் தூக்கினாள். மாமியார் அதைக் கும்பிடுவதாக நினைத்து, தூபக்காலை இன்னும் கிட்டே கொண்டுவந்து அவள் தலையைச் சுற்றிக் காட்டினாள்.

நெஞ்சு, மூட்டையின் வாயைக் கட்டிய மாதிரி இறுகியது. உள்ளே போன காற்று வெளியே வரவில்லை. வெளியே இருந்த காற்று உள்ளே போகவில்லை. இரண்டு கையையும் தரையில் ஊன்றிக்கொண்டு முன்னால் குனிந்தாள். அவள் மூச்சுச் சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது.

மாரீஸ்வரன் ஓடி வந்தான். "முனீசு! ஏட்டி, என்ன செய்யுது? எம்மா, என்னம்மா ஆச்சு இவளுக்கு?"

"தெரியலையேடா! இப்ப வரைக்கும் நல்லாத்தான இருந்தா!"

முனீஸ்வரி உள்ளறையைக் காட்டினாள். "பீ... பீ..."

"தண்ணியா? தண்ணி வேணுமா?"

தலையை ஆட்டினாள். வேண்டும் என்கிறாளா, வேண்டாம் என்கிறாளா என்று யாருக்கும் புரியவில்லை. முத்துப்பேச்சி தண்ணீர் கொண்டுவந்தாள். அது வாயிலிருந்து சேலையில் வழிந்தது.

"பீரோ" என்றாள். அதற்கே உயிர் போய் வந்தது.

அவன் அவளைப் பார்த்தான். காலையிலிருந்து அவள் பீரோவைக் கேட்பது இது மூன்றாவது தடவை. உள்ளறைக்குள் ஓடினான். அரிசி மூட்டை விழும் சத்தம் கேட்டது. கட்டில் உராயும் சத்தம் கேட்டது.

"ஏலே, பாத்து, சொவரு ஈரமா இருக்கு!" என்று இருளப்பசாமி கத்தினார். மறுநொடியே அவரும் உள்ளே ஓடி பீரோவின் மறுபக்கத்தைப் பிடித்தார்.

அப்போதுதான் வெள்ளைத்தாய் வாசலில் வந்து நின்றாள்.

மஞ்சள் பை கையில் இருந்தது. புகைக்குள் மகள் குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். பக்கத்தில் சம்பந்தி அழுதுகொண்டிருந்தாள். எதிர்வீட்டு தேவகிருபை வெள்ளைத்தாய்க்குப் பின்னால் வாசலுக்கு வந்துவிட்டாள்.

வெள்ளைத்தாயின் கை பைக்குள் போனது. தேங்காயைத் தாண்டி, வெற்றிலையைத் தாண்டி, அடியில் இருந்ததைத் தொட்டது.

அங்கேயே நின்றது.

இத்தனை பேர் பார்க்க இதை எடுத்தால் அப்புறம் ஒன்றும் மிச்சமிருக்காது. மகளை வாசலுக்குத் தூக்கிப் போனால் காற்றிலேயே சரியாகிவிடாதா? ஆட்டோ பிடித்தால்? யாரும் பார்க்காத இடத்துக்கு ஒரு நிமிஷம்...

முனீஸ்வரி தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

பை கீழே விழுந்தது. தேங்காய் உருண்டது. வெள்ளைத்தாய் கையில் இருந்ததைக் குலுக்கிக்கொண்டே ஓடிவந்து மகளுக்கு முன்னால் மண்டியிட்டாள்.

"அந்தப் புகைய எடுத்து வெளிய போடுங்க மதினி! கதவத் திறங்க! எல்லாத்தையும் திறங்க!"

மூடியைக் கழற்றினாள். மகளின் வாய் தானாகத் திறந்து அதைக் கவ்விக்கொண்டது. அம்மா அழுத்தினாள், மகள் இழுத்தாள், மூச்சை நிறுத்தினாள். மறுபடியும். மறுபடியும். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேச வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை.

முத்துப்பேச்சி தூபக்காலைக் கொல்லையில் வைத்துவிட்டு, கதவுகளைத் திறந்துவிட்டு வந்தாள். மலைக்காற்று புகையைத் தள்ளிக்கொண்டு தெருவுக்குப் போனது. அவள் மருமகளின் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தாள். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக நீளமாவது அவள் கைக்குத் தெரிந்தது.

"எஞ் சாமி" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்ல நேரத்துல வந்திய மதினி. இது என்ன மருந்து? பிள்ளை உண்டாகியிருக்கையில இத அடிக்கலாமா? வயித்துப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதே?"

வெள்ளைத்தாய் திரும்பினாள்.

"யாரு வயித்துல?"

உள்ளறையில் பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. சேலைகள் சரிந்து விழும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

மாரீஸ்வரன் வெளியே வந்தான். தோள் முழுக்கப் பச்சைப் பெயிண்ட். ஒரு கையில் சிவப்புக் கைப்பை. இன்னொரு கையில் கைக்குட்டை, அதன் மேல் நீல இன்ஹேலர். பழையது, எழுத்தெல்லாம் தேய்ந்துபோனது.

அதைப் பார்த்தான். வெள்ளைத்தாயின் கையில் இருந்த புதியதைப் பார்த்தான்.

"இதத்தான் காலையிலேருந்து கேட்டியா?"

முனீஸ்வரி தலையை ஆட்டினாள்.

"சேலைன்னு சொன்ன."

அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

"இது எம்புட்டு நாளா இருக்கு?" என்று கேட்டான். பிறகு அவன் பார்வை அவள் வயிற்றுக்குப் போனது. "அப்ப அது?"

வெள்ளைத்தாய் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். "நீங்க இருங்கத்தை" என்றான் அவன். "அவ சொல்லட்டும்."

கதவுகள் திறந்திருந்தன. காற்று வந்துகொண்டிருந்தது. தேவகிருபை வாசலில் உருண்டு கிடந்த தேங்காயைக் கையில் எடுத்துக்கொண்டு, போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றாள். இருளப்பசாமி அறை வாசலில் நின்று ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

முதுகில் மாமியாரின் கை இன்னும் இருந்தது. எடுக்கவில்லை. ஆனால் தடவுவதை நிறுத்தியிருந்தது.

முனீஸ்வரி ஒரு மூச்சு இழுத்தாள். தங்குதடை இல்லாமல் உள்ளே போனது.

காலையிலிருந்து அவள் பேசாமல் இருந்ததற்கு மூச்சு இல்லாததைக் காரணம் சொல்லிக்கொள்ளலாம். இனிமேல் அதுவும் முடியாது.